அருவிக்கு எதிரே ஒரு மணி நேரம்

அக்காவின் கால் பிசகிய நாளில்தான் நான் முதன்முதலாக ஓர் அருவியை உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு அருவிகளுக்குக் காட்டுவழியாக நடந்து போயிருந்தேன். எல்லாப் பயணமும் ஒரே மாதிரிதான் முடியும். மூன்று மணி நேரம் ஏறுவோம். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்ததும் கால்கள் தாமாகவே வேகம் எடுக்கும். போய்ச் சேர்ந்ததும் படம் எடுப்போம், முகம் கழுவுவோம், கொண்டுபோனதைச் சாப்பிடுவோம். கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். அப்புறம் யாராவது கைக்கடிகாரத்தைப் பார்த்து "கிளம்பலாமா?" என்பார்கள். பார்த்த இடங்களின் பட்டியலில் இன்னொன்று சேர்ந்துவிட்ட திருப்தியோடு இறங்குவோம்.

அன்று அப்படி நடக்கவில்லை. அருவிக்குக் கடைசி வளைவு இருக்கும்போது ஈரமான வேர் ஒன்றில் அக்காவின் கால் மடங்கியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீக்கம் உடனே ஏறிவிட்டது. வழிகாட்டியாக வந்த பெரியவர் துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டு, "ஒரு மணி நேரம் காலைத் தூக்கி வச்சு உக்காருங்கம்மா. அதுக்கப்புறம் மெதுவா இறங்கிக்கலாம்" என்றார். ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அவளை அருவிக்கு எதிரே இருந்த ஒரு பாறைக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகு எந்த அருவிக்குப் போனாலும் ஒரு மணி நேரம் உட்காராமல் நான் திரும்பியதில்லை. அருவிக்கு நடந்து போகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வதும் அதை மட்டும்தான். மூன்று மணி நேரம் நடந்து போய்ப் பார்க்கிற ஒன்றுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அந்த நேரத்தைக் காலையிலேயே எடுத்துவைத்துவிட வேண்டும். தாமதமாகக் கிளம்பினால் போய்ச் சேர்ந்தவுடன் வெளிச்சத்தைப் பற்றிய கவலை தொற்றிக்கொள்ளும். மனம் ஒரு இடத்தில் நிற்காது. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய கணக்கைச் சொல்லிவைத்தார். நடக்கிற தூரத்தில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம். ஏறுகிற உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரமும் 500 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வருகிறது. ஆனால் அவர் கணக்குப் போட்டது வெட்டவெளி மலைகளுக்கு. வேர்களும் சேறும் சறுக்கும் கற்களும் நிறைந்த ஈரக்காட்டில் நான் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கிறேன். இறங்குவதற்கும் அதே நேரத்தை ஒதுக்குகிறேன். இறக்கத்தில் பாதி நேரம் போதும் என்று நினைப்பவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கால் பிசகுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான். அக்காவுக்கு நேர்ந்தது விதிவிலக்கு.

சரி, நடப்போம்.

அருவி முதலில் காதுக்குத்தான் வருகிறது. அதுவும் நேராக வராது. இலைகளும் காற்றும் மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைச் சீக்கிரம் தின்றுவிடும். தடித்த, அடித்தொண்டை ஒலிதான் தூரம் தாண்டி வரும். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கேட்பது எங்கோ ஒரு லாரி மலையேறுகிற மாதிரி ஓர் உறுமல். மேட்டில் நிற்கும்போது கேட்கும், பள்ளத்தில் இறங்கினால் காணாமல் போகும். இன்னும் நெருங்கினால் அந்த உறுமலுக்கு மேல் ஒரு 'ஸ்ஸ்' சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது ஒலி சேருகிற இடத்தில் நான் எப்போதும் நடையைக் குறைத்துக்கொள்கிறேன். அங்கிருந்துதான் காடும் மாறத் தொடங்குகிறது. பாறைகள் கருத்திருக்கும். பெரணிகள் அடர்ந்து, மரத்தண்டுகளில் பாசம் ஏறியிருக்கும். காற்றே இல்லாத நாளிலும் சில இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். விழுகிற தண்ணீர் பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே வருகிறது. கீழே மோதியதும் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் சாரலைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. அருவியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் மூச்சு நம் முகத்தில் படுகிறது.

வரைபடங்களில் 'நீர்வீழ்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். அருவி என்ற பழைய சொல் இருக்கும்போது அது எதற்கு என்று எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. வீழ்ச்சி என்றால் விழுவதோடு முடிந்துபோன மாதிரி இருக்கிறது. அருவி என்று சொல்லும்போது அந்த வாயிலேயே ஓர் ஓட்டம் வந்துவிடுகிறது.

உட்கார்ந்த முதல் பத்து நிமிடங்களில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடந்த களைப்பு, வியர்வை, இதயத் துடிப்பு எல்லாம் அடங்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். அன்று அக்கா வலியை மறப்பதற்காக அருவியின் நடுவில் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பாறையைப் பார்த்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து, "டேய், அந்தக் கல்லு மேல போகுதுடா!" என்றாள். வலியில் தலை சுற்றுகிறதோ என்று பயந்துவிட்டேன். "இல்லடா, நீயும் பாரு. தண்ணியையே ஒரு நிமிஷம் பாத்துட்டு அப்புறம் கல்லைப் பாரு." பார்த்தேன். பாறை மெல்ல மேல்நோக்கி ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே அதே இடத்தில் நின்றது. எப்படி ஒரு பொருள் நகரவும் நகராமலும் இருக்க முடியும் என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது, பார்த்தவர்களுக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது இதற்கு 'அருவி மாயை' என்றே பெயர் இருப்பது தெரிந்தது. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துப் பாறை மேலேறுவதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். நம் மூளையில் கீழ்நோக்கிய அசைவுக்கென்று சில நரம்பணுக்களும் மேல்நோக்கிய அசைவுக்கென்று சிலவும் இருக்கின்றன. அசையாத பொருளைப் பார்க்கும்போது இரண்டும் சமமாக நிற்கும். ஒரு நிமிடம் விடாமல் அருவியைப் பார்த்தால் முதல் கூட்டம் சோர்ந்துவிடுகிறது. பாறையைப் பார்க்கும்போது சோராத கூட்டத்தின் கை ஓங்குகிறது. விளக்கம் எளிமையானதுதான். ஆனாலும் தெரிந்த பிறகும் பாறை ஊர்வது நிற்பதில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குழந்தையின் சந்தோஷம். இதில் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. நெடுநேரம் அருவியைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து வழுக்குப் பாறையில் கால் வைக்காதீர்கள். சில விநாடிகள் காலடியைப் பார்த்து நின்றுவிட்டு நகருங்கள்.

கண் அடங்கிய பிறகு தண்ணீர் பிரிந்து தெரியத் தொடங்கும். அதுவரை ஒரே வெள்ளைத் துணியாகத் தெரிந்தது, கட்டி கட்டியாக விழுகிறது என்பது புரியும். உச்சியில் ஒரு கட்டியைக் கண்ணால் பிடித்து, அது கீழே மோதும்வரை அதோடு கூடவே இறங்கிவர வேண்டும். நாலைந்து முறை தவறிப்போகும், பிறகு கைகூடும். அப்படி இறங்கும்போது விநாடிகளை எண்ணினால் அருவியின் உயரமும் கிடைக்கும். ஒரு விநாடியில் 5 மீட்டர், இரண்டு விநாடியில் 20 மீட்டர், மூன்று விநாடியில் 45 மீட்டர். பாறையில் ஒட்டி வழியாமல் நேராக விழுகிற அருவிகளுக்குத்தான் இது பொருந்தும். ரொம்ப உயரம் என்றால் காற்று தடுப்பதால் கணக்கு பிசகும். வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவி 979 மீட்டர். வறண்ட மாதங்களில் அதன் தண்ணீரில் பெரும்பகுதி தரையைத் தொடுவதற்கு முன்பே பனிப்புகையாகிவிடுகிறது.

இந்தக் கணக்கைச் செய்து பார்த்தவர்கள் அருவியின் நேர்க்கீழே போய் நிற்க யோசிப்பார்கள் என்பது என் நம்பிக்கை. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது கீழே வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. தண்ணீரோடு உச்சியிலிருந்து உருண்டு வரும் ஒரு கைப்பிடிக் கல்லும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வரும். மேலே யாரும் எறிய வேண்டியதில்லை, ஓடையே எறியும்.

வெயில் இருந்தால் வானவில். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சூரியனுக்கு நேர் எதிரே விழுகிற நம் தலையின் நிழலிலிருந்து 42 பாகை விலகிய வளையத்தில்தான் அது தோன்றும். அதனால்தான் நாலடி நகர்ந்தால் வானவில்லும் நகர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது வேறொரு வானவில், வேறு திவலைகளிலிருந்து வருவது. ஒரு மணி நேரம் இருந்தால் சூரியன் ஏற ஏற அது சாரலுக்குள் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். சாம்பேசி ஆற்றில், ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே விழுகிற விக்டோரியா அருவியில் முழுநிலவு நாட்களில் இரவிலும் வில் தோன்றுகிறது. அங்குள்ள மக்கள் அந்த அருவிக்கு வைத்த பெயர் மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை. 1855இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் பயணி லிவிங்ஸ்டன் தன் நாட்டு அரசியின் பெயரை வைத்தார். உட்கார்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் எது என்பது இரண்டையும் சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரை மணி நேரம் கழிந்ததும் என் கண் தண்ணீரை விட்டுப் பாறைக்குப் போகும். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஏன் இந்த ஆறு இந்த இடத்தில் விழுகிறது? பெரும்பாலான அருவிகளில் பதில் கண்ணெதிரே இருக்கும். மேலே கெட்டியான பாறை கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே மென்மையான பாறை. விழுந்து தெறிக்கிற தண்ணீர் மென்மையானதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் குடைகிறது. தாங்க ஆளில்லாமல் ஒரு நாள் மேற்கூரை உடைந்து விழுகிறது. மடுவில் வீடு மாதிரிக் கிடக்கிற அந்தப் பெரிய பாறைகள் எல்லாம் முன்பு அருவியின் உச்சியாக இருந்தவை. கூரை உடைந்ததும் அருவி சில அடி பின்னால் போகும். மறுபடி அரிப்பு, மறுபடி உடைப்பு.

அதாவது அருவியும் நடக்கிறது, நாம் வந்த அதே திசையில், ஆற்றுக்கு எதிராக. நயாகரா 12,000 ஆண்டுகளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு மீட்டர் என்கிற அளவில் போய்க்கொண்டிருந்தது. மின்சாரத்துக்காகத் தண்ணீரைப் பெருமளவு திருப்பிவிட்ட பிறகு இப்போது வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் விழ வேண்டும் என்பதற்கு அமெரிக்காவும் கனடாவும் 1950இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சுற்றுலாக் காலத்தின் பகல் நேரத்தில் விநாடிக்கு 1,00,000 கன அடி. இரவிலும் மற்ற மாதங்களிலும் அதில் பாதி. இதைப் படித்த அன்று எனக்கு ஏனோ வருத்தமாக இருந்தது. பார்க்க ஆள் இல்லாத நேரத்திலும் ஓர் அருவி அருவியாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது.

எல்லா அருவியும் இப்படிப் பிறப்பதில்லை. அமெரிக்காவின் யோசமிட்டி போன்ற இடங்களில் பனியாறு முதன்மைப் பள்ளத்தாக்கை ஆழமாகத் தோண்டிவிட்டுப் போய்விட்டது, பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கிப்போயின. அங்கே வருகிற ஓடைக்கு வேறு வழியில்லை, குதிக்க வேண்டியதுதான். குரோஷியாவின் பிளித்விட்சே ஏரிகளில் இன்னும் விசித்திரம். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. பாசங்களின் மீது அது படிந்து கல்லாகிறது. அருவி தன் கரையைத் தானே கட்டி உயர்த்திக்கொள்கிறது. அரிக்கிற அருவிகளையே பார்த்துப் பழகிய எனக்கு, வளர்கிற அருவி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே பெரிய செய்தியாக இருந்தது. அங்கே 2006 முதல் குளிக்கத் தடை. அந்தக் கல் அவ்வளவு மெல்லியது, மிதித்தால் நொறுங்கும்.

உயிர்கள் கடைசியில்தான் வரும். நாம் அசையாமல் இருக்கிறோம் என்பதை அவை நம்ப வேண்டுமே. அன்று எங்கள் பாறையிலிருந்து ஐந்தடி தூரத்தில், சாரல் படுகிற கல்லில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் தவளை இருந்தது. எத்தனை நேரமாக அங்கே இருந்ததோ, திடீரென்று பின்னங்கால் ஒன்றை நீட்டி, விரல்களை விரித்து, மடக்கிக்கொண்டது. சற்று நேரத்தில் மறுபடியும். காலில் ஏதோ ஒட்டியிருக்கிறது, உதறுகிறது என்று நினைத்தோம். விஷயம் அதுவல்ல. அருவியின் இரைச்சலில் குரல் எடுபடாது. அதனால் சில தவளைகள் கத்துவதோடு காலையும் கொடி போல ஆட்டிக் காட்டுகின்றன, "இது என் இடம்" என்று மற்ற ஆண்களுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இருக்கிற இந்த நடனத் தவளைகளில் 14 புதிய இனங்களை தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவின் குழு 2014இல் ஒரே மூச்சில் விவரித்தது. வெகுதூரத்தில், போர்னியோவின் காட்டு ஓடைகளிலும் வேறு குடும்பத்துத் தவளைகள் இதே முறையைக் கண்டுபிடித்திருக்கின்றன. இரைச்சல் ஒன்றுதான், அதனால் பதிலும் ஒன்று.

அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் இடையிலுள்ள இகுவாசுவில் உழவாரக் குருவிகள் விழுகிற தண்ணீர்த் திரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய், பின்னாலிருக்கிற பாறையில் கூடு வைக்கின்றன. எந்தப் பாம்பும் கழுகும் வராத வாசல்.

ஆனால் என் மனதில் தங்கிப்போனது கிஹான்சித் தேரை. தான்சானியாவில் கிஹான்சி ஆறு மலையிடுக்கில் விழுகிற இடத்தில், சாரல் படுகிற சுமார் 2 ஹெக்டேர் ஈரப்புல்வெளியில் மட்டும் வாழ்ந்த ஒரு பொன்மஞ்சள் தேரை. முட்டையிடாமல் குட்டி போடுகிற அபூர்வ வகை. 1996இல்தான் அறிவியலுக்கே தெரியவந்தது. அதற்குள் மேலே நீர்மின் அணை கட்டத் தொடங்கியிருந்தார்கள். 2000இல் ஆற்றின் பெரும்பகுதி குழாய்க்குத் திரும்பியதும் சாரல் நின்றது. செயற்கைத் தெளிப்பான்கள் வைத்துப் பார்த்தார்கள். சில நூறு தேரைகளை எடுத்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். காட்டில் அது அற்றுப்போய்விட்டது என்று 2009இல் அறிவித்தார்கள். பூங்காக்களில் பெருக்கியவற்றை 2012இல் மறுபடி அந்த மலையிடுக்கிலேயே கொண்டுபோய் விட்டார்கள். ஓர் உயிரின் முழு உலகமும் ஓர் அருவியின் சாரல் போய் விழுகிற தூரம்தான். இது தெரிந்த பிறகு சாரல் படுகிற பாசத்தின் மேல் என்னால் கால் வைக்க முடிவதில்லை. சுற்றிப் போகிறேன்.

அக்காவோடு போய்வந்த இரண்டு வருடங்களுக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே பெரியவர்தான் வழிகாட்டி, வேறோர் அருவி. உட்கார்ந்தவுடன் அவர் செய்கிற முதல் காரியம், தண்ணீர் விளிம்பில் பாதி நனைந்த ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்வது. அன்று வெள்ளைத் தழும்பு போட்ட ஒரு கல்லைக் காட்டி, "இதைப் பாத்துக்கிட்டே இரு தம்பி" என்றார். எங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் இலைகள் வந்தன, பச்சை இலைகள். அப்புறம் சிறு சுள்ளிகள். உச்சியில் வெள்ளையாக இருந்த தண்ணீரில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு ஓடியது. ஒலி தடித்தது, அந்த மெல்லிய 'ஸ்ஸ்' கரைந்துபோய் உறுமல் மட்டும் நின்றது. வெள்ளைத் தழும்பைத் தேடினேன், காணவில்லை.

"எந்திரி தம்பி. பையை எடுக்காதே. மேல ஏறு."

கரையோரமாகப் பாதையில் ஓடாமல், நேராகச் சரிவில் ஏறினோம். ஏறும்போதுதான் கீழே மடுவில் நாலு பேர் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசில் ஊதினேன், அதுவும் அந்த இரைச்சலில் கரைந்தது. அப்போதுதான் அந்தத் தவளை நினைவுக்கு வந்தது. சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினேன். பெரியவரும் துண்டைச் சுழற்றினார். அவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கையால் மேலே, மேலே என்று காட்டினோம். அவர்கள் நால்வரும் எதிர்க்கரையில் ஏறி முடித்த சில நிமிடங்களில் அவர்கள் குளித்த இடத்தில் ஒரு முழு மரம் சுழன்றுகொண்டிருந்தது. என் பை போய்விட்டது. இரண்டரை மணி நேரம் அந்தச் சரிவிலேயே காத்திருந்தோம். யாரும் ஓடையைக் கடக்க முயலவில்லை. மழை எங்கோ மலைக்கு அப்புறம் பெய்திருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அது தெரிய ஒரே வழி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அதனால் குளிப்பதைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதலில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். அருவி நேரடியாக விழுகிற நுரைப் பகுதிக்குள் போகவே கூடாது. நுரை என்பது பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் தள்ளுவதற்குக் கைக்குத் தண்ணீர் கிடைக்காது. விழுகிற நீர் ஆளை அடியில் அழுத்தி, சுழற்றி, மறுபடி அருவிக்கே இழுத்துவரும். மடுவில் தலைகீழாகக் குதிப்பதும் அப்படித்தான், போன வருடம் இல்லாத பாறையும் மரமும் இந்த வருட வெள்ளத்தில் வந்து அடியில் கிடக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் அருவியின் உச்சி. அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும், ரொம்பச் சாதுவாகத் தெரியும். பல நூறு ஆண்டுகள் தண்ணீர் தேய்த்த பாறையில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பாசி படிந்திருக்கும். விளிம்பில் நின்று படம் எடுக்கக் கூப்பிடும் நண்பரிடம் மாட்டேன் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

நாம் விட்டுவரக் கூடாதவை பற்றியும் கொஞ்சம். சோப்பு, ஷாம்பு எதுவும் ஓடையில் கலக்கக் கூடாது. இயற்கைக்குக் கேடில்லாதது என்று அச்சிட்டிருந்தாலும் கூடாது. அது மண்ணில் மக்கத்தான், தண்ணீரில் இல்லை. மலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், பெரியவர்களின் நடையில் 70 அல்லது 80 எட்டு. கற்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவைத்துப் படம் எடுக்கிற வழக்கம் இப்போது எல்லா ஓடையிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற புழுக்களுக்கும் முட்டைகளுக்கும் அந்தக் கல்தான் வீடு. தயவுசெய்து புரட்டாதீர்கள்.

போன கோடையில் அக்காவும் நானும் அவள் கால் பிசகிய அந்த அருவிக்கே மறுபடி போனோம். மழை பொய்த்த வருடம். இரண்டாவது ஒலி சேர வேண்டிய இடம் வந்தது, எதுவும் கேட்கவில்லை. கடைசி வளைவில் அந்த வேரை அக்கா கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டினாள். உள்ளே போனால் அருவி இல்லை. வெறும் பாறைச் சுவர், கருப்புக் கோடுகளோடு. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அக்கா அதற்குள் பழைய பாறையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் மறைத்து வைத்திருந்தது எல்லாம் அன்று வெளியே இருந்தது. கூரைப் பாறைக்குக் கீழே ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் குடைவு. மடுவின் அடியில், கற்கள் சுழன்று சுழன்று தோண்டிய பானை போன்ற குழிகள். ஒரு குழிக்குள் அதைத் தோண்டிய கல்லே உருண்டையாக, முட்டை மாதிரி வழவழப்பாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அதிலேயே வைத்தோம். மடுவில் மிச்சமிருந்த முழங்கால் ஆழத் தண்ணீரில் மீன்குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஈரமாக இருந்த ஒரே ஓர் இடுக்கில் பாசம் இன்னும் பச்சையாக இருந்தது. தவளையைத் தேடினோம், தென்படவில்லை.

வெகுநேரம் கழித்து அக்கா உச்சியைக் காட்டினாள். கூரையின் விளிம்பில், நடுவில், ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. திரண்டு, கனத்து, வெயிலில் ஒரு முறை மின்னிவிட்டு விடுபட்டது. நான் கண்ணால் அதைப் பிடித்துக்கொண்டேன். அக்கா எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு."

மடுவில் ஒரு வட்டம் விரிந்தது. நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம்.